வார்னிஷ் தண்ணீரைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது

ஒரு மேசைப் பலகைக்கு வார்னிஷ் அடித்தேன், மேல்பக்கம் மட்டும். மூன்று கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசு விழாமல் ஜன்னலையெல்லாம் சாத்தி, பொறுமையாகச் செய்ததில் கண்ணாடி மாதிரி வந்தது. அடிப்பக்கத்தை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று வெறும் மரமாகவே விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்ததும் பலகையின் இரண்டு நீள ஓரங்களும் மெல்ல மேலே எழும்பி, நடுப்பகுதி குழிந்து, பேனாவை எங்கே வைத்தாலும் நடுவுக்கு உருண்டு வர ஆரம்பித்தது. மட்டமான வார்னிஷ் என்று டப்பாவைத் திட்டினேன். டப்பாவின் மேல் தப்பே இல்லை. வார்னிஷ் என்ன வேலை செய்கிறது, என்ன வேலை செய்யாது என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

நம்மில் பெரும்பாலோர் மனதில் இருப்பது இதுதான்: வார்னிஷ் என்பது மரத்துக்குப் போடும் பிளாஸ்டிக் உறை மாதிரி, அடித்துவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. உண்மையில் அது உறை இல்லை, ரொம்ப நெருக்கமாக நெய்த திரை. கொட்டிய தண்ணீரைச் சில மணி நேரம் மேலேயே நிறுத்தி வைக்கும், துடைத்துவிட்டால் தடம் இருக்காது. காற்றில் இருக்கும் ஈரப்பதத்தை மட்டும் அதனால் முழுசாக நிறுத்த முடியாது. தண்ணீர் ஆவியின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, காய்ந்த வார்னிஷ் படலத்துக்குள்ளும் அவை மெதுவாக ஊர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கும். எவ்வளவு மெதுவாகப் போகின்றன என்பதில்தான் வார்னிஷின் மொத்த மதிப்பும் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். மரம் என்பது கோடிக்கணக்கான மெல்லிய குழாய்களை ஒரே திசையில் கட்டு கட்டாக அடுக்கி வைத்தது போன்ற ஒரு பொருள். பச்சை மரத்தில் அந்தக் குழாய்களுக்குள்ளும் தண்ணீர், குழாய்ச் சுவருக்குள்ளும் தண்ணீர். அறுத்துக் காயவைக்கும்போது குழாய்க்குள் தேங்கிய தண்ணீர்தான் முதலில் போகும், அதனால் மரத்தின் அளவு மாறாது. ஈரப்பதம் சுமார் 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும், சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். அங்கிருந்துதான் மரம் சுருங்கும். இதே கதை தலைகீழாகவும் நடக்கும், அதுவும் ஒரு தடவையோடு நிற்காது. எத்தனை வருஷம் காயவைத்த, வைரம் பாய்ந்த மரமாக இருந்தாலும் சரி, சுற்றியுள்ள காற்று ஈரமானால் உறிஞ்சும், காற்று வறண்டால் விட்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் போய் நிற்கும். காற்று 80 சதவீதத்துக்கு ஏறி அப்படியே நீடித்தால் மரம் மெதுவாக 16 சதவீதம் வரை போகும்.

கேட்பதற்குச் சின்ன எண்களாக இருக்கின்றன. ஆனால் ஒரு அடி அகலமுள்ள பலகையில் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளி கூடினாலே, அறுத்த விதத்தைப் பொறுத்து, அகலம் சுமார் 3 மி.மீ. வரை கூடிவிடும். மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் கதவுக்கு இந்த 3 மி.மீ. தாராளமாகப் போதும். நீளவாக்கில் மட்டும் மரம் கிட்டத்தட்ட அசையாது. வளர்ச்சி வளையங்களின் சுற்றுவாக்கில் அசைவது, மையத்திலிருந்து வெளியே போகும் ஆரவாக்கில் அசைவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்படித் திசைக்கு ஒரு கணக்கு இருப்பதால்தான் மரம் வெறுமனே பெருத்துச் சுருங்காமல் கோணிக்கொள்கிறது, முறுக்கிக்கொள்கிறது, வெடிக்கிறது.

இப்போது என் மேசைக்கு வருவோம். மேல்பக்கம் மூன்று கோட், அதனால் ஈரம் மெதுவாக ஏறியது. அடிப்பக்கம் வெறும் மரம், அதனால் வேகமாக ஏறியது. அடிப்பக்கம் அகலத்தில் பெருத்துவிட்டது, மேல்பக்கம் அப்படியே நின்றது. வேறு வழியில்லாமல் பலகை வளைந்தது. இரண்டு பக்கமும் வெறுமனே விட்டிருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் வளைந்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல். எது அடித்தாலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்குப் பளபளப்புதான் தேவையில்லையே தவிர கோட் தேவை.

ஈரத்தை நிறுத்தவே முடியாது, வெறும் தாமதம்தான் என்றால் என்ன பயன் என்று கேட்கலாம். தாமதம்தான் இங்கே எல்லாமே. நான்கு நாள் அடைமழையில் வெறும் மரம் நிறைய ஈரத்தைக் குடித்துவிடும், அடுத்த நான்கு நாள் வெயிலில் அதில் பெரும்பகுதியை விட்டுவிடும், இப்படி வருஷம் முழுக்கப் பெருத்துச் சுருங்கிப் பெருத்துச் சுருங்கி மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் விழும். வார்னிஷ் அடித்த மரம் அந்த நான்கு நாளில் கொஞ்சம்தான் குடித்திருக்கும், அதற்குள் வானம் வெளுத்துவிடும். ஏற்ற இறக்கத்தின் முனைகளை வார்னிஷ் மழுங்கடிக்கிறது. மரத்துக்கு ஈரத்தால் வரும் கெடுதலைவிட, ஈரம் சட்சட்டென்று மாறுவதால் வரும் கெடுதல் அதிகம், அந்த இடத்தில்தான் இந்தப் படலம் நிற்கிறது.

படலம் என்று சொல்கிறேன், எவ்வளவு தடிமன் என்று நினைக்கிறீர்கள்? மூன்று கோட் அடித்துக் காய்ந்த பின்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சொல்லப்போனால் ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் கீறல், எண்ணெய்க்கறை, கைவியர்வை, சூடான பாத்திரம் எல்லாவற்றையும் அது சமாளிக்கிறது. அடி விழுந்தால் முதலில் படலம் வாங்கிக்கொள்ளும், மரம் தப்பிக்கும். படலம் தேய்ந்தால் திரும்பப் பூசலாம். மரம் தேய்ந்தால் திரும்ப வராது.

சரி, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? பழைய பாணி வார்னிஷில் மூன்றே சங்கதிகள்தான்: ஒரு பிசின், காயும் தன்மையுள்ள ஓர் எண்ணெய், இரண்டையும் தூரிகைக்கு ஏற்றபடி இளக்க ஒரு கரைப்பான், அதாவது டர்பன்டைன் மாதிரி ஏதாவது ஒன்று. பிசின் கடினத்தையும் பளபளப்பையும் தருகிறது, எண்ணெய் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது, கரைப்பான் வேலை முடிந்ததும் ஆவியாகிப் போய்விடுகிறது. நிறமிகள் கிடையாது, இருந்தால் அது பெயின்ட். 12-ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதி வைத்த குறிப்பிலேயே ஆளிவிதை எண்ணெயையும் பிசினையும் சேர்த்துக் காய்ச்சும் செய்முறை இருக்கிறது. பிசின் வகைகள்தான் காலப்போக்கில் மாறின. குங்கிலியம் போல மரத்திலிருந்து வடிவது, கோபால் என்று சொல்லப்படும் கெட்டிப் பிசின், பைன் மரத்துப் பிசின் என்று இருந்த இடத்துக்கு 20-ஆம் நூற்றாண்டில் ஆலைப் பிசின்கள் வந்தன. லியோ பேக்லண்ட் 1907-இல் ஃபீனாலிக் பிசினுக்கு வழி கண்டார், 1920-களில் ஆல்கிட் வந்தது, 1937-இல் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனுக்கு அடிப்படை போட்டார். இன்று கடையில் ஒற்றை டப்பாவில் கிடைக்கும் எண்ணெய் சேர்ந்த பாலியூரித்தேன் வேறு ஏதோ புது ஜாதி இல்லை, அதுவும் வார்னிஷ்தான், பிசின்தான் மாறியிருக்கிறது.

எல்லா எண்ணெயும் இதற்கு ஆகாது. தேங்காய் எண்ணெயை ஒரு பலகையில் தடவி ஒரு வருஷம் வைத்தாலும் அது எண்ணெயாகவேதான் இருக்கும், பிசுபிசுத்துக் கடைசியில் சிக்குவாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெயைத் தடவினால் சில நாளில் கெட்டிப் படலமாகிவிடும். காரணம் மூலக்கூறில் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு, அந்த இடங்களில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டி, பக்கத்து மூலக்கூறோடு பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. தேங்காய் எண்ணெயில் அந்தக் கொக்கிகள் அநேகமாக இல்லை. ஆகவே வார்னிஷ் 'காய்கிறது' என்று நாம் சொல்வது துணி காய்வது போன்றது இல்லை. கரைப்பான் பறந்து போவது முதல் சில மணி நேரக் கதைதான். அதற்கு அப்புறம் படலம் காற்றைக் குடித்துக் குடித்துக் கெட்டியாகிறது. வெறும் ஆளிவிதை எண்ணெய் காயும்போது எடை குறைவதற்குப் பதில் கூடும் என்பது இதனால்தான். பாதி காலியான டப்பாவில் மேலே ஆடை கட்டுவதும் இதே வினைதான், டப்பாவுக்குள் அடைபட்ட காற்றைக் கொண்டு வார்னிஷ் அங்கேயே காயத் தொடங்கிவிட்டது. கோபால்ட், மாங்கனீஸ் உப்புகளைத் துளி சேர்த்தால் இந்த வினை வேகமாக நடக்கும், அதைத்தான் டிரையர் என்கிறார்கள். முன்பு ஈயமும் இதற்காகச் சேர்ப்பார்கள், பழைய பூச்சைத் தேய்க்கும்போது முகமூடி போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் முழுசாகக் கெட்டிப்பட்டுவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஒரு நாளில் தொடலாம், ஆனால் உள்ளே பாலங்கள் கட்டி முடிக்க வாரக்கணக்கில், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். மறுநாளே மேலே கனமான சாமானை வைத்துவிட்டு, எடுக்கும்போது அடித்தடம் பதிந்திருக்கிறது என்று புலம்புவது இதைத் தெரியாததால்தான்.

இந்த வினையில் சூடு பிறக்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் பெரியது. பலகை மேல் பரவியிருக்கும்போது அந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும், தெரியவே தெரியாது. அதே எண்ணெயைத் துடைத்த பழந்துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், மடிப்புகளுக்குள் காற்றும் இருக்கிறது, சூடு வெளியேற வழியும் இல்லை. சூடு ஏற ஏற வினை வேகமாகும், வினை வேகமாக ஆக சூடு இன்னும் ஏறும், தீக்குச்சி ஏதும் இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் பிடித்த தீயின் தொடக்கம், 22-ஆவது மாடியில் மரவேலைக்குப் பயன்படுத்திப் போட்டிருந்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகள். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 30-ஆவது மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்ததால்தான் தீ அதற்கு மேல் ஏறாமல் நின்றது. அதனால் எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், வெளியே ஒற்றையாக விரித்துப் போட்டு விறைப்பாகும்வரை காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.

பேச்சுவழக்கில் பாலிஷ், லாக்கர், வார்னிஷ் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்தால் போதும். ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சியின் சுரப்பிலிருந்து வருவது, எரிசாராயத்தில் கரைத்துப் பூசப்படுகிறது. கரைப்பான் ஆவியானால் அரக்கு மிஞ்சும், அவ்வளவுதான், வேதிவினை ஏதுமில்லை. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் அப்படியே. இவற்றின் மேல் அதே கரைப்பான் பட்டால் திரும்பவும் கரையும். இது பலவீனமும்தான், வசதியும்தான்: மது சிந்தினால் அரக்குப் பூச்சு கெடும், ஆனால் கீறல் விழுந்தால் மேலே இன்னொரு கை பூசினாலே பழையதோடு உருகி ஒன்றாகிவிடும். வார்னிஷ் அப்படியில்லை, ஒருதரம் கெட்டியானால் அது வந்த கரைப்பானிலேயே திரும்பக் கரையாது. தாக்குப்பிடிக்கும், ஆனால் அடுத்த கோட் பழைய கோட்டோடு கலக்காது. கோட்டுக்கு நடுவில் உப்புத்தாள் போடச் சொல்வதற்கு இதுதான் காரணம், அந்த நுண்ணிய கீறல்களைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த படலம் நிற்கிறது. வீட்டிலுள்ள பழைய சாமானில் இருப்பது எது என்று தெரிய வேண்டுமா, கண்ணுக்குப் படாத மூலையில் பஞ்சில் ஒரு துளி எரிசாராயம் தொட்டு வையுங்கள். இளகினால் அது பெரும்பாலும் அரக்கு.

தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் தனி ரகம். டப்பாவில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அதில் பிசின் கரைந்திருக்கவில்லை, துளித்துளியாக மிதக்கிறது. தண்ணீர் ஆவியானதும் துளிகள் ஒன்றையொன்று நெருக்கி உருகிச் சேர்ந்து படலமாகின்றன. வாடை குறைவு, சீக்கிரம் காயும், மஞ்சளாகாது, பழந்துணித் தீ பயமும் எண்ணெய் வகையில் இருப்பது போல் இல்லை. ஆனால் முதல் கோட்டில் தண்ணீர் மர நார்களைப் புடைக்க வைத்துவிடும், அதனால் காய்ந்ததும் சொரசொரவென்று இருக்கும், தேய்த்துத்தான் ஆக வேண்டும். எனக்கு உள்ளூர எண்ணெய் வார்னிஷின் தேன்நிறம்தான் பிடிக்கும், இது நியாயமான காரணம் இல்லைதான்.

அந்தத் தேன்நிறத்தைத் தள்ளிவிட்டாலும், வார்னிஷ் பட்டதும் மர ரேகைகள் திடீரென்று உயிர்பெற்று எழுவது ஏன்? கூழாங்கல்லைத் தண்ணீரில் நனைத்தால் நிறம் தெளிவதும் இதுவும் ஒன்றுதான். உலர்ந்த மரத்தின் மேற்பரப்பில் கோடிக்கணக்கான நுண்குழிகள், எல்லாவற்றிலும் காற்று. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, மரப்பொருளுடையது சுமார் 1.5. இந்த வித்தியாசத்தால் ஒளி எல்லாத் திசையிலும் சிதறி, மேலே ஒரு வெளிறிய மூட்டம் போட்டது போல் தெரிகிறது. வார்னிஷின் எண்ணும் ஏறக்குறைய 1.5. அது குழிகளை நிரப்பியதும் சிதறல் குறைகிறது, ஒளி உள்ளே போய் நாரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது, நமக்கு ஆழம் தெரிகிறது.

ஒளியை உள்ளே விடுவதுதான் வார்னிஷின் அழகு, வெளியே வைக்கும் மரத்தில் அதுதான் அதன் சாவும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக்கதிர் மரத்தின் லிக்னினை உடைக்கிறது. நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை லிக்னின். வார்னிஷ் தெளிவாக இருப்பதால் கதிர் படலத்தைத் தாண்டி அடியிலுள்ள மரத்தைத் தாக்கும், மேலே படலம் நன்றாக இருக்கும்போதே அதன் காலுக்கடியில் மண் சரிந்துவிடும். பிடிமானம் போனதும் தாள்தாளாக உரிந்து வருகிறது, பார்ப்பவர் வார்னிஷ் தரமில்லை என்கிறார். இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும்: ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் மழைநீர் அதன் வழியாக உள்ளே போகும், போன அளவு வேகத்தில் வெளியே வர முடியாது, படலத்துக்கு அடியில் தேங்கிக் கறுக்கும். அந்த நிலையில் வார்னிஷ் அடிக்காத மரமே தேவலை.

படகின் பாய்மரத் தண்டுகளுக்கென்று உருவான ஸ்பார் வார்னிஷ் இதற்குச் சொல்லப்பட்ட பதில். அதில் எண்ணெயின் பங்கு கூட, பிசினின் பங்கு குறைவு, அதனால் மரம் வளைந்து பெருத்துச் சுருங்கும்போது படலமும் கூடவே இழுபடும், வெடிக்காது. கூடவே புற ஊதாக்கதிரை உறிஞ்சும் பொருள்களையும் சேர்க்கிறார்கள், ஆனால் அவை நாளடைவில் தீர்ந்துபோகும் சரக்கு. நல்ல வெயிலும் மழையும் படும் இடத்தில் எந்தத் தெளிவான பூச்சுக்கும் ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து மேல்கோட் கொடுக்க வேண்டியிருக்கும், உரிந்த பிறகு செய்யலாம் என்று இருந்தால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டியதுதான். வெளியே இருக்கும் மரத்துக்குப் பாதுகாப்பு மட்டும்தான் வேண்டும், ரேகை தெரிய வேண்டியதில்லை என்றால், பெயின்ட் அடித்துவிடுங்கள். நிறமி கதிரை மறித்துவிடும். இதைச் சொன்னால் மர ரசிகர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை அதுதான். அப்புறம், ஸ்பார் வார்னிஷ் பெயரைப் பார்த்து மயங்கி அதை வீட்டு மேசைக்கு அடிக்காதீர்கள். வளையும் படலம் என்றால் மெத்தென்ற படலம் என்றுதான் அர்த்தம், சீக்கிரம் தடம் விழும்.

மஞ்சளாவது பற்றி ஒரு வார்த்தை. ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த, இரவுக் காவல் என்ற பெயரில் உலகம் அறிந்த ஓவியத்தில் இருப்பது இரவே இல்லை, பகல்தான். மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்து அழுக்கும் ஏறியதால் இரவு என்று பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு சுத்தம் செய்த பின்னும் பெயர் போகவில்லை. வயலின் செய்வதில் பேர்போன ஸ்ட்ராடிவேரியின் வயலின்களில் பூசிய வார்னிஷில் ஏதோ மாய ரகசியம் இருப்பதாக நெடுங்காலம் பேச்சு இருந்தது. ஐந்து வயலின்களின் பூச்சைச் சோதித்து 2009-இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில் இருந்தது காயும் எண்ணெய், பைன் பிசின், சிலவற்றில் கொஞ்சம் சிவப்பு நிறப்பொருள். அதாவது தச்சுப் பட்டறையில் கிடைக்கும் அதே சாமான்கள்.

வார்னிஷால் ஆகாதவையும் உண்டு. கரையானை அது தடுக்காது, கரையான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் பூச்சு இல்லாத இடம் பார்த்து நுழையும். மரத்தைப் பொடியாக்கும் வண்டுகளில் சில வகை திறந்த மரத்துளைகளில்தான் முட்டையிடும், அவற்றுக்கு எதிராகப் பூச்சு கொஞ்சம் உதவும், ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பது படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஈட்டி போன்ற சில மரங்களில் இயற்கையாக இருக்கும் பொருள்கள் எண்ணெய் வார்னிஷைக் காயவே விடாது, நாள் கணக்கில் பிசுபிசுக்கும். மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை முதலில் ஒரு கை பூசி இடையில் தடுப்புப் போட்டால் சரியாகிவிடும்.

கடைசியாக, ஓரங்கள். மரம் குழாய்க்கட்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, பலகையின் குறுக்கு வெட்டுமுனை அந்தக் குழாய்களின் வாய். பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் அதன் வழியாக ஏறும். கதவின் மேல்முனையும் கீழ்முனையும், ஜன்னல் சட்டத்தின் அடி, மேசைக்கால் தரையைத் தொடும் இடம், இங்கெல்லாம்தான் முதலில் கெடும், இங்கெல்லாம்தான் யாரும் அடிப்பதில்லை. முதல் கோட்டை நன்றாக இளக்கி, அந்த முனைகள் குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு கோட்டிலேயே நிறைந்துவிட்டது போல் தெரியும், மறுநாள் பார்த்தால் திரும்ப வெறும் மரமாக இருக்கும்.

என் மேசையை மழை முடிந்ததுமே கவிழ்த்து அடிக்கவில்லை, அப்போது அடித்தால் உள்ளே ஏறிய ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவேன். கோடையில் அது தானாகக் காய்ந்து ஓரங்கள் இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம் அடியிலும் மூன்று கோட், வெட்டுமுனைகளில் ஐந்து கோட் கொடுத்தேன். அடுத்த மழைக்காலத்தில் பெரிதாக அசையவில்லை. பழைய குழிவு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பேனா இன்னும் நடுவுக்குத்தான் வருகிறது, முன்பைவிட மெதுவாக.